ரெட்வூட் பார்க்கப் போகிறவர்கள் ஆர்கேட்டாவில் தங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கத் திருகோணமலையிலிருந்து போகும் பெற்றோரிடம் கலிபோர்னியாவில் எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டால், சான் பிரான்சிஸ்கோவின் தொங்கு பாலம், லொஸ் ஏஞ்சல்ஸ் என்ற இரண்டோடு பட்டியல் முடிந்துவிடும். ரெட்வூட் மரங்கள் என்று யாராவது எடுத்துக் கொடுத்தால், "பாலத்துக்கு அப்பால் மியூர் வூட்ஸ் இருக்கிறது, அரைநாளில் போய் வந்துவிடலாம்" என்பது பிள்ளைகளின் பதில். மியூர் வூட்ஸ் நல்ல இடந்தான். ஆனால் உலகத்திலேயே உயர்ந்த மரங்கள் நிற்பது அங்கிருந்து வெகு தூரம் வடக்கே. அந்தக் காட்டுக்கு வாசலாக இருப்பது ஆர்கேட்டா என்ற சிறிய கடலோரப் பல்கலைக்கழக நகரம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 450 கிலோமீற்றர். இவ்வளவு தூரம் போய், காருக்குள் இருந்தபடியே மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வீண். குறைந்தது நான்கு இரவுகள் அங்கே தங்க வேண்டும். கடலையும் மானையும் மழையையும் நாம் பழகிய கண்ணால் பார்த்தால் அங்கே ஆபத்து நேரலாம் என்பதாலும் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஆர்கேட்டாவின் சனத்தொகை சுமார் 18,000. வியோட் பழங்குடியினரின் மண் அது. 1850இல் வெள்ளையர் யூனியன் என்ற பெயரில் அங்கே ஊர் அமைத்தார்கள். 1860இல் இன்றைய பெயர் வந்தது. பல்கலைக்கழகம் 1913இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, நீண்டகாலம் ஹம்போல்ட் ஸ்டேட் என்று அறியப்பட்டு, 2022 முதல் கல் பொலி ஹம்போல்ட் என்று வழங்குகிறது. காட்டியல், மீன்வளம், வனவிலங்கு, கடலியல் படிப்பவர்கள் தேடிப் போகும் இடம். ஊரின் அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் எல்லாம் சுலபம். நடுவில் பிளாசா என்ற சதுக்கம். வடகிழக்கே மேட்டில் பல்கலைக்கழகம், அதன் முதுகுப்புறம் காடு. தெற்கே தாழ்ந்த பக்கத்தில் ஹம்போல்ட் குடாவும் சதுப்பு நிலமும். இவை எல்லாமே சதுக்கத்திலிருந்து கால்நடைத் தூரத்தில்தான். ஆனால் பல்கலைக்கழக வளாகம் முழுவதும் படிகள். முழங்கால் நோ உள்ளவர்கள் கீழேயிருந்து ஏறத் தொடங்காமல், பிள்ளையைக் கொண்டு வாகனத்தில் மேல்பக்கத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்.

போகும் வழி பற்றி முதலில். கட்டுநாயக்காவிலிருந்து தோஹா அல்லது துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய சிறு விமானப் பயணம். ஆர்கேட்டாவுக்கு வடக்கே மக்கின்லிவில்லில் விமான நிலையம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், மூடுபனியில் விமானத்தை இறக்குவது எப்படி என்று பரிசோதிப்பதற்காகவே அமெரிக்கக் கடற்படை தெரிவுசெய்த இடம் அது. அதாவது, பனி அங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். விமானம் பிந்துவதும் சில நாள் இறங்க முடியாமல் திரும்பிப் போவதும் நடக்கும். ஆகவே கட்டுநாயக்காவிலிருந்து மக்கின்லிவில்வரை ஒரே ரிக்கெற்றாக எடுங்கள். கடைசித் துண்டைத் தனியாக மலிவு விலைக்கு வாங்கினால், முந்திய விமானம் பிந்தி இணைப்புத் தவறும்போது அந்தக் காசு போய்விடும். ஒரே ரிக்கெற் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது விமானக் கம்பனியின் பொறுப்பு. சான் பிரான்சிஸ்கோவில் குடிவரவு, சுங்கம், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பது, மீண்டும் பாதுகாப்புச் சோதனை என்று எல்லாம் முடிய நேரம் எடுக்கும். நான்கு மணித்தியால இடைவெளியாவது வேண்டும்.

காரில் போனால் நிற்காமல் ஐந்தரை முதல் ஆறு மணித்தியாலம். ஆனால் நிற்காமல் போகக்கூடாது. கார்பர்வில் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டு விலகி, அவெனியூ ஒஃப் த ஜயன்ற்ஸ் என்ற பழைய பாதையில் திரும்புங்கள். 51 கிலோமீற்றர் நீளத்துக்கு இருபுறமும் ரெட்வூட். வழியில் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற தோப்பில் அரை மைல் சுற்று நடை இருக்கிறது. தரை சமம், வயதானவர்களுக்கும் ஏற்றது. 1991இல் சாய்ந்த டயர்வில் ஜயன்ற் என்ற பெருமரம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன் வேர்த்தட்டுப் பக்கம் நின்று பார்த்தால், நூறு மீற்றர் கடந்த மரம் எவ்வளவு ஆழமில்லாத வேரில் நின்றது என்பது விளங்கும். ஆணிவேர் இல்லை. இரண்டு முதல் நான்கு மீற்றர் ஆழத்துக்குள் வேர்கள் பக்கவாட்டில் பரந்து, அயல் மரங்களின் வேரோடு பின்னிக்கொண்டு நிற்கின்றன. படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கி அடிமரத்துக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று பூங்காக் காவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகினால், மேலோட்டமான அந்த வேர்களுக்கு நீரும் காற்றும் போகாது.

உள்நாட்டு நகரமான ரெடிங்கிலிருந்து மலை கடந்து வரும் 299ஆம் இலக்க வீதியும் உண்டு. வளைவுகள் அதிகம், பின் ஆசனத்தில் இருப்பவர்களுக்குச் சத்தி வரும். மாரியில் மண்சரிவு. புதியவர்கள் இரவில் அந்த வழியால் வரவே வேண்டாம். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பதோடு, ஆர்கேட்டாவுக்கும் அதன் தெற்கேயுள்ள யுரேகா நகருக்கும் இடையில் 101 வீதி பாதுகாப்பு வலயம் என்று குறிக்கப்பட்டிருப்பதையும் ஞாபகம் வைத்திருங்கள். அங்கே வேகம் மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீற்றர். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். நம் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் செல்லுபடியாக இருந்தால் சுற்றுலாப் பயணி ஓட்டலாம். ஆனால் வாடகைக்குக் கொடுப்பவர்கள் சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் கேட்கக்கூடும். கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இனிக் காலநிலை. திருகோணமலைக்காரர் தவறாகக் கணக்குப் போடும் விஷயம் இதுதான். மழைக்காலம் நமக்கும் அவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்று: அங்கே ஒக்ரோபரில் தொடங்கி ஏப்ரல்வரை. கோடைதான் வேறு. இங்கே கச்சான் வீசி வெயில் முப்பத்தைந்து பாகையைத் தொடும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஆர்கேட்டாவின் பகல் வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியஸ். கலிபோர்னியா என்றதும் வெயிலை நினைத்து மெல்லிய சட்டைகளோடு இறங்குகிறவர்கள் நடுங்கிப்போவார்கள். வடமேல் காற்று கரையோரத்து மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அந்த நீரின்மேல் பட்டு மூடுபனியாகிறது. உள்நாட்டுச் சமவெளி கொதிக்கக் கொதிக்க, மேலெழும் காற்றின் இடத்தை நிரப்ப அந்தப் பனி கரைக்கு இழுபடுகிறது. ஆகவே உள்ளே வெயில் கூடும் நாளில்தான் கரையில் பனியும் கூடும். வெயிலும் நீல வானமும் வேண்டுமென்றால் செப்டெம்பரும் ஒக்ரோபரின் முற்பாதியும் நல்லது. அதற்காகப் பனியைச் சபிக்கவேண்டாம். மழையே இல்லாத கோடையில் ரெட்வூட் இலைகளில் படிந்து சொட்டும் நீர், அக்காட்டுக்கு ஆண்டுமுழுதும் கிடைக்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தெற்கு ஓரிகனிலிருந்து மத்திய கலிபோர்னியாவரை ஒடுங்கிய கரையோரப் பட்டையில் மட்டும் இந்த மரம் வளர்வதற்கு அந்தப் பனிதான் பெரிய காரணம்.

உடுப்பு: ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை. உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடியுள்ள மழைச் ஜக்கெற். குடை காட்டுக்குள் பயன்படாது. சாறியும் செருப்புமாக ஈர வேர்களில் நடந்தால் வழுக்கும். அடிப்பாகம் பிடிமானமான சப்பாத்து கட்டாயம். இங்கே கம்பளி தேடிக் கொழும்புக்கு அலையவேண்டியதில்லை. மாணவர் ஊர் என்பதால் ஆர்கேட்டாவில் பழைய உடுப்புக் கடைகள் உண்டு. நல்ல ஜக்கெற் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

போய்ச் சேர்ந்த முதல் நாளே தேசியப் பூங்காவுக்கு ஓடவேண்டாம். நேரம் நம்மைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணித்தியாலமும் மாரியில் பதின்மூன்றரை மணித்தியாலமும் பின்னால். உடம்புக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாது. அந்த நாளுக்கு ஊர்க்காடே போதும். 14ஆவது வீதியின் கிழக்கு முனையில் ரெட்வூட் பார்க். அதன் பின்னால் ஆர்கேட்டா சமுதாயக் காடு. 1955இல் நகரசபையின் சொத்தாகக் காடொன்றை அறிவித்தது கலிபோர்னியாவில் இதுவே முதல் தடவை. 19ஆம் நூற்றாண்டில் இதன் முதுமரங்களை வெட்டிவிட்டார்கள். இப்போது நிற்பவை அதன்பின் முளைத்தவை. ஆனாலும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகும் உயரம். இடையிடையே ஓர் அறையளவு அகலமான பழைய அடிக்கட்டைகள் நிற்கும். அவற்றில் ஆள் உயரத்துக்கு மேலே செதுக்கிய பள்ளங்களைக் கவனியுங்கள். மரம் வெட்டியவர்கள் பலகையைச் செருகி, அதன்மேல் நின்று வாள் போட்ட இடம் அது. அகன்ற அடித்தூரை விட்டு மேலே மெலிந்த இடத்தில் அறுப்பதற்காக அப்படிச் செய்தார்கள். பழைய ரெட்வூட் காட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்குதான் மிஞ்சியிருக்கிறது. அந்த எண்ணைப் புத்தகத்தில் வாசிப்பதைவிட இந்தக் கட்டைகளின் பக்கத்தில் நின்றால் நன்றாக விளங்கும்.

இரண்டாம், மூன்றாம் நாட்களில் வடக்கே ரெட்வூட் தேசிய மற்றும் மாநிலப் பூங்காக்களுக்குப் போங்கள். தேசியப் பூங்கா 1968இல் நிறுவப்பட்டு 1978இல் விரிவாக்கப்பட்டது. 1980 முதல் உலக மரபுரிமை. உள்ளே நுழையப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. புறப்படுமுன் பெற்றோல் ஆர்கேட்டாவிலேயே நிரப்புங்கள். வழியிலுள்ள டிரினிடாட் என்ற ஊரைத் தாண்டினால் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் விட்டுவிட்டு வரும், பல இடங்களில் வராது. வரைபடத்தை முதல் நாளே தொலைபேசியில் இறக்கி வைக்கவேண்டும். கடவுச்சீட்டையும் பையையும் காருக்குள் தெரியும்படி வைத்துவிட்டு நடக்கப் போகவேண்டாம். நடைபாதை வாசல்களில் கண்ணாடி உடைத்துத் திருடுவது அந்தப் பக்கத்தில் புதிதல்ல.

ஓரிக் என்ற சிறு ஊரைத் தாண்டியதும் வலப்பக்கம் ஏறும் பால்ட் ஹில்ஸ் வீதியில் லேடி பேர்ட் ஜோன்சன் தோப்பு. 2.4 கிலோமீற்றர் சுற்று, ஏற்றம் மிகக் குறைவு. வயதானவர்கள் வெட்டுப்படாத பழைய காடு ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நாங்கள் இதையே சொல்வோம். மலை முகட்டில் இருப்பதால் காலையில் பனி மரங்களுக்குள் புகுந்து நிற்கும். பத்து மணிக்குமுன் போனால் வாகனம் நிறுத்த இடமும் கிடைக்கும். அடுத்து பிரெய்ரி கிரீக் மாநிலப் பூங்கா. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் நியூட்டன் டிரூரி வீதி 16 கிலோமீற்றர் தூரம் பழைய காட்டுக்கு நடுவால் ஓடுகிறது. அதில் பிக் ட்ரீ என்ற மரம் வீதியிலிருந்து சில நிமிட நடையில். நடக்கவே முடியாதவர்களையும் அங்கே கூட்டிப்போகலாம்.

ஃபெர்ன் கன்யனுக்கு முன்கூட்டிய ஏற்பாடு வேண்டும். இருபுறமும் செங்குத்தாக ஐம்பது அடிக்குமேல் எழும் சுவர் முழுக்கப் பன்னச் செடி, நடுவில் சிற்றோடை. மே 15 முதல் செப்டெம்பர் 15வரை ஒவ்வொரு வாகனத்துக்கும் இணையத்தில் முன்பதிவு எடுத்திருக்கவேண்டும். எடுக்காமல் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். நாள் கட்டணம் வேறு. போகும் டேவிசன் வீதி தார் போடாதது, ஓடை குறுக்கிடும். தாழ்ந்த கார் என்றால் மழைக்குப்பின் தவிருங்கள். கன்யனுக்குள் கோடையில் பலகைப் பாலங்கள் போடுவார்கள், மற்றக் காலத்தில் கணுக்காலளவு நீரில்தான் நடக்கவேண்டும். மாற்றுச் சப்பாத்தும் காலுறையும் காரில் இருக்கட்டும். ரோல் ட்ரீஸ் தோப்புக்கும் இணையவழி அனுமதி தேவை. அது இலவசம், ஆனால் நாளொன்றுக்கு எண்ணிக்கை மட்டுப்பட்டது. அங்கே முதலில் இறக்கம், திரும்பும்போது முழுவதும் ஏற்றம். ஏறத்தாழ 240 மீற்றர் உயரம் ஏறவேண்டியிருப்பதால் இதய நோயாளிகளுக்கு உகந்ததல்ல.

இன்னொன்று இளையவர்களுக்கு. 2006இல் கண்டறியப்பட்ட ஹைப்பீரியன் என்ற மரம் 115 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. உலகில் இதுவரை அளந்தவற்றில் அதுவே உயரம். அதற்குப் பாதை கிடையாது. தேடிப்போனவர்கள் சுற்றிலுமுள்ள பன்னங்களை மிதித்து அழித்ததால் 2022இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டொலர்வரை தண்டமும் ஆறு மாதம்வரை சிறையும். மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வினை என்று சொல்லத் தேவையில்லை. கஞ்சாவும் அப்படியே. கலிபோர்னியாவில் 21 வயது கடந்தவர்களுக்குக் கடையிலேயே விற்கிறார்கள். ஹம்போல்ட் மாவட்டம் அதற்குப் பேர்போனது. ஆனால் மத்திய சட்டத்தில் அது இன்னும் குற்றம். விசாவில் இருப்பவர்களை ஆள்வது மத்திய சட்டம். வாங்கினேன், புகைத்தேன் என்று ஒப்புக்கொண்டாலே அடுத்த தடவை நாட்டுக்குள் விடமாட்டார்கள். பிள்ளைகளிடம் இதைப் பெற்றோர் வெளிப்படையாகவே பேசவேண்டும்.

ஓரிக்கிலும் பிரெய்ரி கிரீக்கிலும் புல்வெளிகளில் ரூஸ்வெல்ட் எல்க் என்ற பெருமான்கள் கூட்டமாக மேயும். இங்கேதான் நம்மூர்ப் பழக்கம் ஆபத்து. கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் புள்ளிமான்களுக்குக் கையாலே வாழைப்பழம் ஊட்டிப் பழகியவர்கள் நாம். (அதுவும் அந்த மான்களுக்கு நல்லதல்ல, பொலித்தீனோடு சேர்த்து விழுங்கிச் சாகின்றன.) எல்க் கலை (ஆண்மான்) 500 கிலோவரை எடையுள்ளது. ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர்வரை இணைசேரும் காலத்தில் கலைகளும், மே, யூன் மாதங்களில் கன்று போட்ட பிணைகளும் எச்சரிக்கையில்லாமல் பாயும். 25 யார் தூரம் என்பது பூங்கா விதி. எங்கள் கருத்தில் அதன் இரட்டிப்பு நல்லது. தலையைத் தாழ்த்திக் காதைப் பின்னுக்கு மடித்தால் உடனே பின்வாங்கிக் காருக்குள் ஏறிவிடுங்கள்.

கடல் அதைவிட முக்கியம். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் மே முதல் செப்டெம்பர்வரை குளம்போலக் கிடக்கும் நீரில் குளித்து வளர்ந்தவர்களுக்கு, கடற்கரை என்றதும் காலை நனைக்கத் தோன்றும். நம் கடல் 28 பாகை. அங்கே 10 முதல் 13. விழுந்த கணத்தில் மூச்சு அடைக்கும். சில நிமிடத்தில் கை கால் சொல்வதைக் கேட்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அடங்கிப்போவார். இதைவிட மோசமானது திடீர்ப் பேரலை. பத்து இருபது நிமிடம் சிறிய அலைகளாக வந்துகொண்டிருக்கும். பிறகு ஒன்று மட்டும் முன்னறிவிப்பே இல்லாமல் கரையில் வெகுதூரம் ஏறி, ஆளை அடித்துக்கொண்டு போகும். கரை செங்குத்தாகச் சரிவதால் அதன் இழுப்பு கடுமை. கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது, ஈர மணலில் பிள்ளைகளை விளையாட விடுவது, ஒதுங்கிய மரக்குற்றிகளில் ஏறி உட்காருவது, மூன்றும் கூடாது. அந்தக் குற்றிகளை ஒரு சாண் நீரே புரட்டிவிடும், அடியில் அகப்பட்டால் தப்ப முடியாது. ஒருவர் அடிபட்டுப் போனால் பின்னால் பாயவேண்டாம், 911க்கு அழையுங்கள். அங்கே ஒருவர் போய், காப்பாற்ற இறங்கியவரும் போன சம்பவங்கள் பல. கடலைப் பார்க்கவேண்டுமென்றால் டிரினிடாட் ஊரின் முனைக்குன்றைச் சுற்றிவரும் பாதை இருக்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் மேலேயிருந்து பார்க்கப் பாதுகாப்பானது. அதற்குச் சற்று வடக்கே, பட்ரிக்ஸ் பொயின்ற் என்ற பெயரை 2021இல் மாற்றி யூரோக் மக்கள் வழங்கிய பழைய பெயராலேயே அழைக்கும் சூ-மெக் மாநிலப் பூங்கா. அங்கும் பாறை உச்சிகளிலிருந்தே பார்ப்பது நல்லது.

2004 டிசம்பரை மறக்காத ஊர் நம்முடையது. அந்தக் கரையும் அதே இனம். 1700 ஜனவரி 26 அன்று அங்கே கடலடியில் ஏறத்தாழ 9 அளவில் நிலம் நடுங்கியது. 1964 மார்ச்சில் அலாஸ்கா நடுக்கத்தால் வந்த ஆழிப்பேரலை, ஆர்கேட்டாவுக்கு வடக்கேயுள்ள கிரசென்ட் சிட்டியின் கடைத்தெருவை அழித்து உயிர்களையும் கொண்டுபோனது. 2024 டிசம்பர் 5 அன்று 7.0 அளவு நடுக்கம் வந்து எச்சரிக்கை விட்டு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் விலக்கிக்கொண்டார்கள். பயத்தால் பயணத்தைக் கைவிடவேண்டியதில்லை, தெரிந்துகொண்டு போங்கள். கடற்கரைப் பாதைகளில் வெளியேறும் திசையைக் காட்டும் நீலப் பலகைகள் இருக்கும், வாகனத்திலிருந்து இறங்கும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரையில் நிற்கும்போது நிலம் நெடுநேரம் குலுங்கினால் சைரனுக்குக் காத்திருக்காமல் கால்நடையாக மேட்டுக்குப் போங்கள். ஆர்கேட்டாவில் இருந்தால் பல்கலைக்கழகப் பக்கம்.

கடைசி நாளைச் சதுப்பு நிலத்துக்கு ஒதுக்குங்கள். இங்கே இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் திருகோணமலைக்கு நேரடியாக உதவும் பாடம் இது. 307 ஏக்கர் பரப்பு, சமதரை, நுழைவுக் கட்டணம் இல்லை. முந்நூறுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவான இடம். ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இதுவே. முன்பு குப்பை கொட்டிய, மரக்குற்றிகளை ஊறப்போட்ட பாழ்நிலம். 1970களில், குடாக்களுக்குள் கழிவுநீர் விடுவதை மாநில அரசு கட்டுப்படுத்தியபோது, அயல் ஊர்களோடு சேர்ந்து பெருஞ்செலவில் ஒரே நிலையம் அமைக்கும் திட்டம் வந்தது. ஆர்கேட்டா மக்கள் மறுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் மீன்வளப் பேராசிரியர் ஜோர்ஜ் அலனும் சுற்றாடல் பொறியியலாளர் ராபர்ட் கியர்ஹார்ட்டும், சதுப்பே நீரைச் சுத்தமாக்கும் என்று சிறு தொட்டிகளில் பரிசோதித்துக் காட்டினார்கள். 1986இல் முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியது.

முறை இதுதான். வந்த நீரிலிருந்து கடினப் பொருள்களைப் படிய வைத்து எடுக்கிறார்கள். பிறகு அகன்ற ஒக்சிசனேற்றக் குளங்களில் நாட்கணக்கில் நீர் நிற்கிறது. பக்ரீரியாவும் பாசியும் வெயிலின் துணையோடு அழுக்கைச் சிதைக்கின்றன. அதிலிருந்து சம்பும் கோரையும் அடர்ந்த சதுப்புகளுக்குள் மெதுவாக ஓடும்போது, தண்டுகள் வெயிலை மறைப்பதால் பாசி செத்துப் படிகிறது, வேரிலும் தண்டிலும் ஒட்டிய நுண்ணுயிர்கள் மிச்சத்தைத் தின்கின்றன. கிருமிநீக்கம் செய்தபின்னரே குடாவுக்கு விடுகிறார்கள். இதில் கோளாறு வராமலில்லை. கோரை மட்கி அடியில் சேறு சேர்ந்தால் நீரோட்டம் ஒரே வாய்க்காலாகச் சுருங்கி, சுத்திகரிப்புக் குறைந்துவிடும். காலத்துக்குக் காலம் வாரவேண்டும். அத்துடன் நிலம் வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் மின்சாரமும் இயந்திரமும் குறைவு. உட்துறைமுகத்தைச் சுற்றிச் சதுப்பும் தாழ்நிலமும், கோணேசபுரியில் ஒரு பல்கலைக்கழக வளாகமும் வைத்திருக்கும் நமக்கு இது எட்டாத காரியம் அல்ல. நம் வெப்பத்தில் நுண்ணுயிர்கள் இன்னும் வேகமாகவே வேலை செய்யும். நகரசபையில், நீர் வழங்கலில், வளாகத்தில் இருக்கும் யாராவது அந்தப் பக்கம் போனால், அங்குள்ள விளக்க நிலையத்தில் அரைநாள் இருந்து கேட்டு வாருங்கள் என்று வேண்டுகிறோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆர்கேட்டா நல்ல ஊர். சதுக்கத்துக்குக் கிட்டவுள்ள கூட்டுறவுக் கடையில் பருப்பு வகைகளும் மசாலாச் சரக்குகளும் நிறுத்து வாங்கலாம். சனிக்கிழமை காலை சதுக்கத்தில் விவசாயிகள் சந்தை. இங்கிருந்து கறிவேப்பிலை, பழங்கள், விதைகள், இறைச்சி, அரிசி எதுவும் கொண்டுபோகவேண்டாம். கறிவேப்பிலை தோடை இனத்து நோயைப் பரப்பும் பூச்சிக்கு இடம் கொடுப்பதாலும், அரிசி, கப்ரா என்ற தானிய வண்டு உள்ள நாட்டிலிருந்து வருவதாலும் தடை. அரைத்த மிளகாய்த்தூள், கோப்பித்தூள் போன்றவை மூடிய பொதியில் இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். எதுவாக இருந்தாலும் சுங்கப் படிவத்திலோ கேட்கும்போதோ மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் எடுத்து எறிவார்கள், அவ்வளவுதான், மறைத்தால் தண்டம். பயணக் காப்புறுதி இல்லாமல் புறப்படவே கூடாது. நீரிழிவு, அழுத்த மருந்துகளை வைத்தியரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டி பிந்தினாலும் மருந்து பிந்தாது.

தங்குமிடத்தில்தான் பலருக்கும் இடி விழும். சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறைகள் மிகக் குறைவு. பெரும்பாலான விடுதிகள் ஊரின் வடக்கே வலி வெஸ்ற் பகுதியில், நடந்து வர முடியாத தூரத்தில். பட்டமளிப்பு மே மாதத்தில் வளாகத்து விளையாட்டரங்கில் நடக்கும். அந்த வார இறுதியில் ஆர்கேட்டா, மக்கின்லிவில், யுரேகா மூன்றிலும் அறைகள் நிரம்பி, விலையும் ஏறிவிடும். மே கடைசித் திங்கட்கிழமையோடு சேரும் வார இறுதியும் அப்படித்தான். மிதித்து ஓட்டும் விசித்திர வண்டிகளின் மூன்று நாள் பந்தயம் சதுக்கத்திலிருந்து புறப்படும். கார் இல்லாதவர்கள் டிரினிடாட்டுக்கும் தெற்கே ஸ்கோஷியாவுக்கும் இடையே ஓடும் பஸ்ஸை நம்பலாம், ஆனால் அது தேசியப் பூங்காவரை போகாது. காட்டுக்கு இரண்டு நாட்களுக்காவது கார் எடுக்கத்தான் வேண்டும்.

திரும்பி வரும்போது, கோடை என்றால் பகல் விமானத்தை எடுங்கள். காலையிலும் இரவிலும் படரும் பனி நடுப்பகலில் விலகுவது வழக்கம். சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இரவு இடைவெளி விட்டு அடுத்த நாள் நீண்ட பயணத்தை ஏறுவது இன்னும் பத்திரம்.

இந்தக் கடிதத்தைத் தை, மாசிக்குள் பிரசுரித்தால், மே மாதப் பட்டமளிப்புக்குப் போகிறவர்கள் அறையும், மே 15க்குப்பின் ஃபெர்ன் கன்யன் அனுமதியும் பதிவுசெய்ய அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர்கள்,
திருகோணமலை.